லேபர் கேம்ப்பில் பிள்ளையார் எத்தனாவது?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட பதிவு இது. ஆபீஸில் ஆணி அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைக் காரணம் வேறு. போகப் போகத் தெரியும்.

2025 விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 27, புதன்கிழமை வந்தது. டல்லஸில் பொட்டி தட்டுகிறவனுக்குப் புதன்கிழமை ஏது பண்டிகை? வழக்கம்போல சனிக்கிழமைக்குத் தள்ளி, ஒரு பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்குப் பிடித்து, பிள்ளைகள் நாடகம், பூஜை, புளியோதரை என்று தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் கூடினோம். நாடகத்தை அறிவிக்கிற வேலை என் மகளுக்கு. பதினொரு வயது. ஒத்திகையின்போது கேட்டாள்: "எதுக்குப்பா எல்லாத்தையும் பிள்ளையார்ல ஆரம்பிக்கணும்? வேற யாரையாவது முதல்ல சொன்னா என்ன ஆகும்?"

நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்து நாற்காலிப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். மகன் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். "நீங்க பாம்பே மாட்டுங்கான்னு சொன்னாங்களே. ஆஸ்திக சமாஜம் பக்கமா, சண்முகானந்தா பக்கமா?"

"பக்கத்துலதான் சார்" என்றேன்.

இருபது வருஷமாக இந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான். பொய் இல்லை. மகள் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் ஆச்சி வீட்டுக்குப் போய் வந்தவள் ஆயிற்றே.

மும்பை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்கா ஒன்று இல்லை, இரண்டு. மத்திய ரயில்வே தண்டவாளத்துக்குக் கிழக்கே 1923இல் தொடங்கிய ஆஸ்திக சமாஜம், சண்முகானந்தா சபை, பில்டர் காபி, மல்லிகைப்பூ. குமாஸ்தாவாகவும் சுருக்கெழுத்தாளராகவும் வந்தவர்களின் மாட்டுங்கா அது. தண்டவாளத்துக்கு மேற்கே, தாராவியை ஒட்டிக் கிடக்கிறது மாட்டுங்கா லேபர் கேம்ப். தோல் பதனிட வந்தவர்களும் மில்லுக்கு வந்தவர்களும் தெருக்கூட்ட வந்தவர்களும் குடியேறிய இடம். நான் பிறந்தது அங்கேதான். பெயரில் பாதியை மட்டும் சொன்னால் ஊரும் மாறிவிடுகிறது, ஆளும் மாறிவிடுகிறான்.

மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சபையில் யார் பெயரை முதலில் சொல்வது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் கேம்ப்பின் நூறு வருஷக் கதையை அந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் கிடங்குக்கு வந்தவர். ஊரில் தேர் ஓடுகிற தெருவில் அவர் செருப்புப் போட்டு நடந்ததில்லை. கோவில் கோபுரத்தைத் தூரத்திலிருந்து கும்பிட்ட ஆள். அப்படிப்பட்ட ஜனங்கள் இங்கே வந்து தங்களுக்கென்று ஒரு பிள்ளையாரை வைத்துக்கொண்டார்கள். தாராவியின் மிகப் பழைய இந்துக் கோவில் என்று சொல்லப்படும் கணேசர் கோவில் 1913இல் கட்டியது. ஆதிதிராவிட மகாஜன சங்கத்தின் பெயரோடு சேர்த்தே அதைச் சொல்வார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939 ஜூலை 8. அதாவது, ஊரில் கதவு திறப்பதற்கு இருபத்தாறு வருஷம் முன்பே சேற்றிலும் தோல் நாற்றத்திலும் இவர்கள் சொந்தக் கதவு ஒன்றை வைத்துவிட்டார்கள். யாரும் உள்ளே விட வேண்டிய அவசியம் இல்லை. பெரியார் 1953இல் பிள்ளையார் பொம்மையை உடைத்தபோது தாத்தாவுக்குக் கோபம் வந்ததாம். "அது அவனுவ பிள்ளையாரு, இது நம்ம பிள்ளையாரு" என்பாராம். தர்க்கப்படி சரியா என்று கேட்காதீர்கள்.

மராத்தியர்களின் பிள்ளையார் கதை தனி. வீட்டுக்குள் இருந்த கணபதியைத் திலகர் 1893இல் தெருவுக்குக் கொண்டுவந்தது எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரனுக்கு எதிராக ஜனங்களைக் கூட்ட அது உதவியது. ஆனால் பந்தலுக்குள் யார் பூ வைக்கலாம் என்ற சண்டை ஓயவில்லை. 1926இல் தாதர் கணபதி விழாவில் தலித்துகளுக்கும் பூஜை உரிமை வேண்டும் என்று பெரிய தகராறு. அம்பேத்கர் இருந்தார். பிரபோதன்கார் தாக்கரே, உள்ளே விடாவிட்டால் சிலையையே உடைப்பேன் என்று நின்றார். சமரசம் ஆனாலும் அந்த விழா அங்கே படுத்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பொது நவராத்திரி தொடங்கினார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1966இல், இந்த பிரபோதன்காரின் மகன் பால் தாக்கரே சிவசேனாவை ஆரம்பித்தார். முதல் இலக்கு நம்மவர்கள்தான், லுங்கிக்காரர்கள். சரித்திரத்துக்கு இந்த மாதிரி நக்கல் ரொம்பப் பிடிக்கும் :-)

இனி எங்கள் கேம்ப்பின் எழுத்தாளர். அண்ணா பாவு சாட்டே அங்கே வாழ்ந்தார் என்பதே காலேஜ் போகும்வரை எனக்குத் தெரியாது. தெருமுனைப் படத்தில் இருப்பவர் யாரோ கட்சித் தலைவர் என்று நினைத்திருந்தேன். 1920இல் சாங்லி மாவட்டம் வாட்டேகாவில், மாங் சாதியில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது ஒன்றிரண்டு நாள்தான். பஞ்சத்தில் அப்பாவோடு நடந்தே பம்பாய் வந்தார். லேபர் கேம்ப்பில் கம்யூனிஸ்ட் தோழர்களோடு சேர்ந்தார். கேம்ப் கொசுக்களைப் பற்றியே ஒரு பவாடா கட்டினார் என்பார்கள். அந்தக் கொசுவிடம் கடி வாங்கியவன் என்ற முறையில் நம்புகிறேன். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் இருவரோடும் சேர்ந்து 'லால் பாவ்டா' கலைக்குழுவைத் தொடங்கினார்.

மராத்தித் தமாஷா நம்ம கூத்து, வில்லுப்பாட்டு மாதிரிதான், பிள்ளையாரில் ஆரம்பிக்கும். முதலில் கணேசர் துதி, பிறகு கிருஷ்ணனும் இடைச்சிகளும் பேசிக்கொள்ளும் கேலி, அதற்கப்புறம்தான் கதை. அண்ணா பாவு அந்த வரிசையில் கை வைத்தார். கணேசர் இருந்த இடத்தில் தாய்மண்ணுக்கும் சிவாஜிக்கும் வணக்கம் வந்தது. கிருஷ்ணன் கேலி போனது. மேடையில் தொழிலாளியும் வட்டிக்கடைக்காரனும் நின்றார்கள். மில் வாசலில் தரையில் உட்கார்ந்து பார்த்த ஜனத்துக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையாரைக் கும்பிடாமல் கூத்து ஆரம்பித்தது. வானம் இடிந்து விழவில்லை. கூத்தும் நன்றாகவே நடந்தது. பூமியை ஆதிசேஷன் தாங்குகிறான் என்ற புராணத்தை எடுத்துக்கொண்டு, தாங்குவது பாம்பு இல்லை, உழைக்கிறவன் கை என்று 1958இல் பம்பாய் தலித் இலக்கிய மாநாட்டில் அவர் பேசினார்.

அவருடைய சிறுகதை ஒன்று, 'ஸ்மசானாத்தீல் ஸோன'. சுடுகாட்டுத் தங்கம். அர்ஜுன் டாங்ளே தொகுத்து 1992இல் ஆங்கிலத்தில் வந்த தொகுப்பில்தான் படித்தேன். கல்குவாரி வேலை போன பீமா என்பவன், செத்தவர்களோடு போகும் தங்கத்தைச் சுடுகாட்டில் தேடி எடுத்துப் பிள்ளைக்குச் சோறு போடுகிறான். ஒரு ராத்திரி பிணத்தின் தாடையில் சிக்கி விரல்களை இழக்கிறான். மறுபடி குவாரி திறந்துவிட்டது என்ற செய்தி அதற்கப்புறம்தான் வருகிறது. செத்தவர் வாயில் குந்துமணித் தங்கம் வைப்பது சடங்கு. நானே என் தாத்தாவுக்கு வாய்க்கரிசி போட்டவன். அந்தக் கதையைப் படித்த பிறகு எந்தச் சாவு வீட்டிலும் அந்தச் சடங்கை முன்பு பார்த்த கண்ணால் பார்க்க முடியவில்லை.

1956 அக்டோபர் 14, நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். கூடியிருந்தவர்களுக்கு அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மூன்றாவது, கௌரி கணபதி முதலிய தெய்வங்களை வணங்க மாட்டேன் என்பது. எங்கள் கோலிக்குப் பக்கத்துக் கோலியில் இருந்த மராத்திக் குடும்பமும் பௌத்தம் போனது. ஆயி என்றுதான் அந்த அம்மாவைக் கூப்பிடுவோம். அவருடைய மாமியார் சாமிப் படங்களையெல்லாம் ஒரு கூடையில் அள்ளிக் கடலில் விட்டுவிட்டு வந்தாராம். தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். பிள்ளையாரும் இருந்தார், அவருக்கு மேலே கோட்டு போட்ட அம்பேத்கர் படமும் இருந்தது. ஊரில் ஒரே மாதிரி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட இரண்டு கூட்டம். ஒன்று, சாமியே வேண்டாம் போ என்றது. இன்னொன்று, சாமி எங்களுக்கும்தான் என்றது. யார் செய்தது சரி? இந்த வயதிலும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

சதுர்த்தி அன்று கொழுக்கட்டை வாசம் தகரச் சுவரைத் தாண்டுமே. ஆயியின் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு வருஷம் ஆயியே வந்து ஆச்சியிடம் சொல்லிவிட்டார். "மாவ்ஷி, பிள்ளைகளுக்குப் பலகாரம் குடுங்க, சந்தோஷம். சாமிக்கு வச்சது மட்டும் வேண்டாம். நாங்க உறுதி எடுத்திருக்கோம்."

என் ஆச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படையல் சமையலில் உப்புக்கூடப் பார்க்க மாட்டாள். சாமிக்கு முன்னால் நாக்கில் பட்டால் எச்சில். அந்த ஆச்சி அந்த வருஷத்திலிருந்து இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் முதல் ஈடில் ஆறு கொழுக்கட்டையை எடுத்துத் தட்டில் வைத்து, "ஏல, ஆயி வீட்டுல குடுத்துட்டு வா" என்பாள். அதற்கப்புறம்தான் பிள்ளையாருக்கு. நான்தான் கொண்டுபோவேன். "சாமி கோவிச்சுக்காதா ஆச்சி?" என்று கேட்டிருக்கிறேன். "படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தா அது வெறும் கொழுக்கட்டதானல. வெறும் கொழுக்கட்டைக்கு அவரு எதுக்குக் கோவிக்காரு?"

அந்தக் காலத்தில் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் இன்னொரு பிள்ளையார் பிரமாதமாக இருந்தார். வரதாபாய் பிள்ளையார். தூத்துக்குடியிலிருந்து வந்து, போர்ட்டராக இருந்து, சாராயத்தில் பணம் பார்த்த வரதராஜ முதலியாரின் பந்தல். லைட்டும் அலங்காரமும் பார்க்க நகரமே வரும். சேனா மிரட்டிய ஊரில், மராத்தியனின் பண்டிகையையே மராத்தியனைவிடப் பெரிதாகச் செய்து காட்டுவது ஒரு தமிழனுக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று இப்போது புரிகிறது. அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அது வெறும் லைட்டு. அந்தப் பணம் எங்கள் சந்துக் குடிகாரர்களின் பெண்டாட்டிகள் கண்ணீரிலிருந்தும் வந்தது என்பதை ஆச்சி மட்டும் சொல்வாள். எண்பதுகளின் நடுவில் போலீஸ் நெருக்க, அவர் சென்னைக்குப் போனார். 1988 ஜனவரியில் அங்கேயே இறந்தார்.

அதற்கு மூன்று மாதம் முன்னால், 1987 தீபாவளிக்கு, 'நாயகன்' வந்தது. வாடகை வீடியோவில் சந்தே கூடிப் பார்த்தோம். படத்தில் வந்த தாராவியைச் சென்னையில் செட் போட்டவர் தோட்டா தரணி. தேசிய விருதும் வாங்கினார். எங்களுக்கே அது எங்கள் தாராவியாகத் தெரிந்ததுதான் வேடிக்கை. கொஞ்ச நாளில் பெருசுகள் வரதாபாய் கதை சொல்லும்போது படக் காட்சிகளும் உள்ளே வர ஆரம்பித்தன. எது நடந்தது, எது மணிரத்னம் என்று பிரிக்க முடியாது. இளவட்டங்கள் கமல் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சாராயத்தைப் பற்றி ஆச்சி சொன்னதைக் கேட்க அதற்கப்புறம் ஆள் இல்லை.

அதே 1987 ஜனவரியிலிருந்து தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' ஞாயிறு காலை ஓடிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு, டிவிக்கு மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றிப் பார்த்த ஜனங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் சந்திலும் நடந்தது. கதை சடங்காக மாறுவதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். இதில் பலர் மறந்த ஒரு விஷயம் உண்டு. 1988இல் தொடர் பட்டாபிஷேகத்தோடு முடியப்போகிறது என்றதும், வட இந்தியாவில் ஜலந்தர் முதலிய ஊர்களில் வால்மீகி சமூகத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகி ஆசிரமத்துக் கதை வராமல் எப்படி முடிக்கலாம் என்று கேட்டார்கள். அவர்களுக்குக் கதையை எழுதியவரே சாமி. குப்பை குவிந்தது. லவ குசன் கதையும் தொடராக வந்தது. எங்கள் பக்கமும் அந்தச் சமூகத்துக் குடும்பங்கள் உண்டு. அந்த வாரங்களில் அவர்கள் நிமிர்ந்து நடந்த நடை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த ராமன் பக்தி எங்கே போய் நின்றது என்பதும் தெரிந்ததுதான். 1992 டிசம்பர் 6க்குப் பிறகு தாராவி எரிந்தது. டிசம்பர் 26 முதல் தெருவை மறித்து மகா ஆரத்தி நடத்த ஆரம்பித்தார்கள். ஆரத்தி முடிந்து கலைந்த கூட்டம் என்ன செய்தது என்பதை ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கை 1998இல் எழுதி வைத்தது. எனக்குப் பதினாறு வயது. சிறு வயதிலிருந்து கேட்ட அதே மணிச்சத்தம் கேட்டால் அம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அதே தாராவியில் பாவு கோர்டேயும் வக்கார் கானும் சேர்ந்து, நான்கு மத உடையில் நான்கு பிள்ளைகள் நிற்கிற போஸ்டர் அடித்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். அவர்களைப் பற்றி 'நாதா' என்று 2003இல் ஓர் ஆவணப்படம் உண்டு. கிடைத்தால் பாருங்கள்.

2018இல் 'காலா' டல்லஸில் ரிலீஸ். தங்கமணியோடு போனேன். ரஜினி படத்துக்கான மசாலாவெல்லாம் இருக்கிறது, சில இடம் இழுவை. ஆனால் கடைசியில், வில்லன் வீட்டில் ராமாயணக் கதை படிக்கப் படிக்க, இங்கே ராவணனைக் கொல்வது போல எங்கள் ஜனத்தைக் கொளுத்துகிறார்களே, அந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. ஊதுபத்தி வைத்த அந்த டிவியும் மகா ஆரத்தி மணியும் ஒன்றாக ஞாபகம் வந்தன. ரஞ்சித் கதையைத் திருப்பிப் போட்டு, யார் பக்கம் நின்று படிக்கிறாய் என்று கேட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நண்பர் ஒருவர், "உங்க ஊரு அங்கதானே?" என்றார்.

"பக்கத்துலதான்" என்றேன்.

அதுதான் இந்தப் பதிவைத் தள்ளிப்போட்ட காரணம். போன சனிக்கிழமை அரங்கத்திலும் அதையே சொன்னேன் இல்லையா? காரில் வரும்போது மகள் விடவில்லை. "ஆச்சி வீடு லேபர் கேம்ப்தானே? ஏன்பா சொல்லல?" அவளுக்கு அந்த ஆறு கொழுக்கட்டைக் கதையைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப ஆயி வீடுதான் ஃபர்ஸ்ட், பிள்ளையார் செகண்டா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அந்தப் பெரியவர் இதைப் படிக்க நேர்ந்தால்: ஐயா, எங்கள் வீடு லேபர் கேம்ப். ஆஸ்திக சமாஜத்திலிருந்து தண்டவாளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வர வேண்டும்.

எங்கள் பிள்ளையாரைக் கரைப்பது தாதர் சௌபாத்தியில். அம்பேத்கரை எரியூட்டிய சைத்யபூமியும் அதே மணலில்தான் இருக்கிறது. செப்டம்பர் வாக்கில் நாங்கள் போவோம், டிசம்பர் 6இல் ஆயி வீட்டார் போவார்கள். ஆச்சியும் ஆயியும் இப்போது இல்லை. மறுசீரமைப்புக்கு என்று 2024இல் கணக்கெடுக்க வந்தவர்கள் எங்கள் சந்தில் கதவுக்குக் கதவு நம்பர் போட்டுப் போயிருக்கிறார்கள். யாருக்கு எங்கே வீடு, பக்கத்துக் கதவு யாருடையதாக இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். சதுர்த்தி எப்படிப் போச்சு என்று கேட்டேன். மாவு சரியாக வரவில்லை, ரேஷன் அரிசி, என்று ஆரம்பித்தாள். ஆயி வீட்டுக்குக் கொடுத்தாயா என்றேன்.

"குடுக்காமயா? முதல் ஈடு அங்கதானே."

"ஆறா?"

"ஏழுய்யா. அவ மருமவளுக்குப் பேரன் பொறந்திருக்காம்லா."